தொழிற்சாலை விட்ட இடமும் கலைஞர் தொட்ட இடமும்: மின் பேஸ் கிட்டார் வரலாற்றில் விருப்பக் கருவிகள்

முன்னுரை

கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் இயங்கிய ஃபெண்டர் தொழிற்சாலையில் 1962இல் உருவான பேஸ் கிட்டார்களுள் இரண்டு, இசை வரலாற்றில் தனி இடம் பெற்றவை. ஒன்று பிரிசிஷன் பேஸ் வகையைச் சேர்ந்தது. டெட்ராய்ட் நகரத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன் அதைக் கொண்டு மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஏராளமான பாடல்களுக்கு வாசித்தார். மற்றது ஜாஸ் பேஸ் வகை. அது ஃபுளோரிடாவில் வளர்ந்த ஜாக்கோ பஸ்டோரியஸின் கையில் 1970களில் ஒலித்தது. முன்னதன் ஒலி தடித்தது. மீட்டிய சற்று நேரத்தில் அடங்கிவிடுவது. பின்னதன் ஒலி நீண்டு இழைவது, மேல்சுரங்கள், அதாவது அடிச்சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர் அதிர்வுகள், துலங்குவது. பிறந்த ஆலையும் ஆண்டும் ஒன்றாயிருந்தும் ஒலியில் இத்தனை தொலைவு ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

கலைஞர்கள் தமக்குப் பிடித்த பேஸைப் பற்றிப் பேசும்போது மரத்தையும் தயாரிப்பு ஆண்டையும் முதலில் சொல்வதுண்டு. 1965இல் ஃபெண்டர் நிறுவனம் சி.பி.எஸ். குழுமத்தின் கைக்கு மாறியது. அதற்கு முந்தைய கருவிகளுக்குப் பழம்பொருள் சந்தையில் இன்றும் தனி மதிப்பு. அந்த மதிப்புக்குக் காரணங்கள் இருக்கலாம். ஆனால் மேற்சொன்ன இரண்டு கருவிகளின் வேறுபாட்டை அது விளக்காது. தயாரிப்பாளர் தீர்த்துவிட்டதாக நினைத்த ஒரு சிக்கலைக் கலைஞர் தம் தேவைக்காக மீண்டும் கையில் எடுத்தபோதுதான் பெரும்பாலான விருப்பக் கருவிகள் உருவாகின. அந்தத் திருத்தத்தைத் தொழிற்சாலை பின்னர் தன் விற்பனைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இந்தச் சுழற்சியை 1951 முதல் இங்கே தொடர்ந்து பார்க்கலாம்.

1. சுருதிப் பிசகுக்கு ஒரு தீர்வு

ஃபெண்டருக்கு முன்பே சியாட்டில் நகரின் பால் டட்மார்க் 1930களின் நடுவில் கிடைமட்டமாகப் பிடித்து வாசிக்கும் மின் பேஸ் ஒன்றைச் செய்து, ஆடியோவாக்ஸ் என்ற பெயரில் விற்றார். அது பரவவில்லை. நடனக் குழுக்களில் ஆளுயர டபுள் பேஸே தொடர்ந்தது. அதைச் சுமந்து செல்வது கடினம். டிரம்ஸ், மின் கிட்டார் ஆகியவற்றின் ஓசைக்கு நடுவே அது கேட்பதும் கடினம். விரல் பலகையில் குறி எதுவும் இல்லாததால், தேர்ந்த கை இல்லாவிட்டால் சுருதி விலகும்.

லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் இம்மூன்றுக்கும் ஒருசேர விடை சொன்னது. திண்மையான மர உடல், கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் மின்காந்த பிக்கப், தோளில் மாட்டும் பட்டை என எல்லாம் கிட்டாரைப் போலவே அமைந்தன. ஈ, ஏ, டி, ஜி என்ற சுருதியமைப்பு மட்டும் டபுள் பேஸினுடையது. கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். விரல் பலகையில் 20 ஃபிரெட்டுகள், அதாவது வீணையின் மெட்டுகளுக்கு நிகரான உலோகக் கம்பிக் கட்டைகள், பதிக்கப்பட்டிருந்தன. விரலை எங்கு வைத்தாலும் சுரம் பிசகாது என்ற வாக்குறுதியைத்தான் ‘துல்லியம்’ எனப் பொருள்படும் அதன் பெயர் விளம்பரப்படுத்தியது. அடுத்த ஆண்டே பேஸ்மேன் என்னும் ஒலிபெருக்கியும் வந்தது. லயனல் ஹாம்ப்டனின் குழுவில் மாங்க் மான்ட்கோமரி இக்கருவியை மேடையேற்றியது ஜாஸ் வட்டாரத்தின் கவனத்தை ஈர்த்தது.

1957இல் பிக்கப் இரண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, மின் இரைச்சல் குறைந்தது. 1960இல் கழுத்து ஒடுங்கிய, இரு பிக்கப் கொண்ட ஜாஸ் பேஸ் அறிமுகமானது. பாலத்துக்கு, அதாவது கம்பிகள் உடலில் ஊன்றும் இடத்துக்கு, அருகில் அமைந்த பிக்கப் மேல்சுரங்களைக் கூடுதலாக ஏந்தும். தள்ளி அமைந்தது அடிச்சுரத்தை ஏந்தும். இரண்டையும் கலக்கும் வசதி வாசிப்பவருக்குக் கிடைத்தது. தெளிவு, துல்லியம், துலக்கம் என்ற திசையில்தான் இதுவரை தயாரிப்பாளரின் சிந்தனை சென்றது.

2. துலக்கத்தை விலக்கிய ஜேமர்சன்

தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் 1936இல் பிறந்த ஜேமர்சன், டெட்ராய்ட்டில் டபுள் பேஸ் பயின்றவர். மின் பேஸுக்கு மாறியபின்னும் அவர் கை பழைய கருவியையே நினைத்து இயங்கியது. வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். கம்பிகளை விரல் பலகையிலிருந்து நன்கு உயர்த்தி வைத்திருந்தார்; அழுத்த வலு வேண்டும், பதிலுக்கு ஒவ்வொரு சுரமும் முழுமையாக விழும். லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃபிளாட்வூண்ட் கம்பிகளையே பூட்டினார். இவ்வகைக் கம்பியின் மேல் தட்டையான உலோகப் பட்டை சுற்றப்பட்டிருப்பதால் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். உயர் மேல்சுரங்கள் மங்கும். அறுந்தால் ஒழிய அவர் கம்பியை மாற்றியதில்லை. பாலத்தின் மூடிக்கடியில் ஃபெண்டர் வைத்திருந்த ஒலியடக்கும் பஞ்சையும் அவர் அப்படியே விட்டுவைத்தார். பலர் அந்த மூடியையே கழற்றி எறிந்துகொண்டிருந்த காலம் அது.

மோட்டவுனின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் பேஸ் ஒலிபெருக்கி வழியாகச் செல்லாமல் நேரடியாகப் பதிவு மேசைக்குச் சென்றது. டிரம்ஸின் உதையும் பேஸின் அடியும் ஒன்றோடொன்று பின்னி, சிறு வானொலிப் பெட்டியிலும் தனித்துக் கேட்க வேண்டியிருந்தது. நீண்டு இழையும் சுரம் அங்கே அடுத்த சுரத்தின் இடத்தை மறைத்துவிடும். சட்டென அடங்கும் சுரம் இடைவெளி விடும். அந்த இடைவெளிகளில்தான் ஜேமர்சனின் நுணுக்கமான எதிர்த்தாள ஓட்டங்கள் தெளிவாகப் பதிந்தன. ஒலியின் வறுமை என்று தோன்றக்கூடிய ஒன்று தாளத்தின் செழுமைக்கு வழிவிட்டது. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ இதற்குச் சிறந்த சான்று. மோட்டவுன் தட்டுறைகளில் அதுவரை வெளியே தெரியாத வாத்தியக்காரர்களின் பெயர்கள் அதில்தான் அச்சாயின.

‘ஃபங்க் மெஷின்’ என்று பெயர்பெற்ற இக்கருவியின் சிறப்பு, தொழிற்சாலை தந்த துலக்கத்தில் பெரும்பகுதியை வேண்டாமென்று ஒதுக்கியதில் இருக்கிறது. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பதிவுக்கூடங்களில் கரோல் கேயும் பிரிசிஷன் பேஸில் ஃபிளாட்வூண்ட் கம்பியும் ஒலியடக்கியும் வைத்தே வாசித்தார். ஆனால் அவர் மீட்டியது விரலால் அல்ல, பிளெக்ட்ரம் என்னும் மீட்டுதுண்டால். அதனால் அவர் ஒலியில் தொடக்க அடி கூர்மையாக விழும். கருவி ஒன்றாயிருந்தும் கை மாறினால் ஒலி மாறும் என்பதற்கு இது இன்னொரு எடுத்துக்காட்டு.

3. ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவம்

ஜெர்மனியின் ஹோஃப்னர் நிறுவனம் 1950களின் நடுவில் வயலின் வடிவத்தில், உள்ளீடற்ற உடலோடு 500/1 என்ற பேஸைச் செய்தது. பீட்டில்ஸ் குழுவிலிருந்து ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் விலகியதும் பேஸ் பொறுப்பு பால் மெக்கார்ட்னியிடம் வந்தது. 1961இல் ஹாம்பர்க்கில் அவர் இக்கருவியை வாங்கினார். விலை குறைவு என்பது ஒரு காரணம். இருபுறமும் சமச்சீரான வடிவம் என்பது மற்றொன்று. இடக்கைக்காரரான அவர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தோன்றாது. ஒலியின் தரம் அந்தத் தேர்வில் முதன்மை பெறவில்லை.

இருந்தும் கருவியின் இயல்பு வாசிப்பை வழிநடத்தியது. கம்பியின் நீளம் ஏறத்தாழ 30 அங்குலம்தான். இழுவிசை குறைவு, ஒலி உருண்டு மென்மையாக வரும். எடையும் மிகக் குறைவு. கையில் சுமை இல்லாததால் கழுத்தின் மேற்பகுதிக்கு எளிதில் ஏறி, கிட்டார் போல வாசிக்க முடிந்ததை மெக்கார்ட்னியே பின்னாளில் குறிப்பிட்டுள்ளார். 1965இல் அவருக்குக் கிடைத்த ரிக்கன்பேக்கர் 4001எஸ் நீளமும் துலக்கமும் மிக்கது. ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ (1967) இசைத்தட்டின் பல பாடல்களில் மற்ற வாத்தியங்கள் முடிந்தபின் பேஸைத் தனித்தடத்தில் கடைசியாகப் பதிவுசெய்தபோது, அது தனக்கென ஒரு மெல்லிசைக் கோட்டை வகுத்துக்கொண்டது. ஹோஃப்னரில் பழகிய மேற்கழுத்து வாசிப்பு இங்கே முழுமை பெற்றது. கருவி மாறியது, பழக்கம் உடன்வந்தது.

4. கம்பியும் கட்டைவிரலும்

1960களின் பிற்பகுதியில் மாற்றம் கம்பியிலிருந்து வந்தது. தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் பேஸில் பியானோவின் கீழ்க்கட்டைகளுக்குரிய முழக்கத்தைத் தேடினார். இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு அவர் இணைந்து செயல்பட்டதன் விளைவாக 1966இல் ரவுண்ட்வூண்ட் பேஸ் கம்பி செம்மையுற்றது. உருண்டைக் கம்பியைச் சுற்றிய இதன் மேற்பரப்பு வரிவரியாக இருக்கும். மேல்சுரங்கள் நெடுநேரம் நிலைக்கும்.

கலிபோர்னியாவில் லாரி கிரஹாம் தம் தாயாரின் குழுவில் டிரம்ஸ் இல்லாமல் வாசிக்க நேர்ந்தபோது, உதை டிரம்முக்குப் பதிலாகக் கம்பியைக் கட்டைவிரலால் தட்டியும், ஸ்னேர் டிரம்முக்குப் பதிலாக மற்ற விரலால் சுண்டியும் வாசித்தார். அவர் பின்னர் வாசித்த ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழு வழியாக இம்முறை பரவியது. ‘ஸ்லாப்’ எனப்படும் இவ்வாசிப்புக்குத் துலக்கமான ஒலி இன்றியமையாதது. 1976இல் லியோ ஃபெண்டரின் புதிய நிறுவனமான மியூசிக் மேன் வெளியிட்ட ஸ்டிங்ரே பேஸ் அந்தத் தேவைக்குப் பொருந்தியது. ஒரே பெரிய பிக்கப், பாலத்தை ஒட்டிய இருப்பிடம், பாட்டரியால் இயங்கும் முன்பெருக்கி ஆகியவை அதன் அடையாளங்கள். லூயிஸ் ஜான்சன் ஸ்லாப்புக்கும் ஷிக் குழுவின் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் விரல் வாசிப்புக்கும் அதைப் பயன்படுத்தினர். மேடையின் நெருக்கடியில் முளைத்த ஒரு கைப்பழக்கம், பின்னர் தனக்கேற்ற கருவியைச் சந்தையில் கண்டடைந்தது.

5. துல்லியத்தைக் கழற்றிய பஸ்டோரியஸ்

ஃபிரெட் இல்லாத மின் பேஸ் பஸ்டோரியஸின் கண்டுபிடிப்பு என்று சிலர் எழுதுவதுண்டு. ஆம்பெக் நிறுவனம் 1966இலேயே அத்தகைய கருவியை விற்றது. ஃபெண்டரும் 1970இல் பிரிசிஷன் பேஸில் ஒரு ஃபிரெட்லெஸ் வகையைச் சேர்த்தது. அவருடைய பங்களிப்பு வேறிடத்தில் உள்ளது.

தம் 1962 ஜாஸ் பேஸின் ஃபிரெட்டுகளைப் பிடுங்கி, குழிகளை மரப்பூச்சால் அடைத்து, விரல் பலகை முழுவதும் படகுகளுக்குப் பூசும் எப்பாக்சி பிசினைப் பூசினார். வரிவரியான ரவுண்ட்வூண்ட் கம்பி வெறும் மரத்தை அரித்துவிடும். பிசின் பூச்சு கண்ணாடிபோல் இறுகி அதைத் தாங்கியது. கம்பி அந்தக் கெட்டியான பரப்பில் உரசியதால் மேல்சுரங்கள் அழியாமல் நின்றன. பாலத்தருகே உள்ள பிக்கப்பை முதன்மைப்படுத்தி, அதை ஒட்டியே விரலால் மீட்டியதால் ஒலிக்கு ஒரு மூக்கொலிச் சாயல் வந்தது. இத்தனையும் சேர்ந்த பின்புதான் கமகம் போன்ற வழுக்கலும் நெகிழ்வும் பேஸில் கேட்கலாயின. 1976இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டும், அதே ஆண்டு அவர் சேர்ந்த வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ (1977) தட்டும் இவ்வொலியை உலகறியச் செய்தன.

சுருதி பிசகாமல் காக்கும் ஏற்பாட்டை நீக்கியதன் விலை, சுருதியின் முழுப்பொறுப்பும் இடக்கை விரல்களுக்கும் காதுக்கும் வந்து சேர்ந்ததே. 1951இல் ஃபெண்டர் தீர்த்த சிக்கலைக் கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு கலைஞர் விரும்பி மீண்டும் வரவழைத்தார்.

6. பட்டறைக்குள் நுழைந்த கலைஞர்

1970களில் கலைஞர் கடையில் வாங்கித் திருத்துவதோடு நிற்கவில்லை. செய்யும் இடத்துக்கே சென்றார். கலிபோர்னியாவின் அலெம்பிக் நிறுவனம் கிரேட்ஃபுல் டெட் குழுவின் சுற்றத்தில் தோன்றி, உள்ளமைந்த மின்சுற்றோடு கையால் செய்த பேஸ்களை வழங்கியது. ஸ்டான்லி கிளார்க் முன்னணி வாத்தியமாகப் பேஸை நிறுத்த அக்கருவிகள் உதவின. நியூயார்க்கின் அந்தோனி ஜாக்சன் இன்னும் அடிப்படையான கேள்வியை எழுப்பினார். கிட்டார் குடும்பத்தின் கீழ்க்குரல் என்றால் இதற்கும் ஏன் ஆறு கம்பி கூடாது? கார்ல் தாம்ப்சன் 1975இல் அவருக்காக ஆறு கம்பிப் பேஸ் ஒன்றைச் செய்தார். நான்கு கம்பிப் பேஸின் கீழ் ஈ சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். ஜாக்சனின் கீழ் பி சுரம் ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ். அந்த ஆழத்திலும் சுரம் குழையாமலிருக்கக் கழுத்தின் நீளம், கம்பியின் தடிமன், ஒலிபெருக்கியின் திறன் எல்லாவற்றையும் தயாரிப்பாளர்கள் புதிதாக எண்ண வேண்டியிருந்தது. ஐந்து, ஆறு கம்பிப் பேஸ்கள் இன்று கடைகளில் எளிதில் கிடைக்கின்றன.

பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் வழி, கடையில் வாங்கித் திருத்துவதற்கும் பட்டறையில் செய்விப்பதற்கும் இடைப்பட்டது. அவரது 1977 ஜாஸ் பேஸ், பழம்பொருள் சந்தை குறைத்து மதிப்பிட்ட சி.பி.எஸ். காலத்தது. நியூயார்க் கைவினைஞர் ரோஜர் சடோவ்ஸ்கி அதற்கு முன்பெருக்கி பொருத்தினார். பதிவுக்கூடத்தில் எந்தப் பாணிக்கும் உடனே ஒலியைத் திருப்பிக்கொள்ளும் வசதி கிடைத்தது. 1980களின் பதிவுகளில் அதன் முத்திரை தெளிவாகக் கேட்கிறது.

7. திருட்டுகள் தரும் சான்று

இங்கே பேசிய கருவிகளில் மூன்று திருடுபோயின. மெக்கார்ட்னியின் 1961 ஹோஃப்னர் 1972இல் லண்டனில் காணாமற்போய், 2024 பிப்ரவரியில் மீண்ட செய்தி வெளியானது. பஸ்டோரியஸின் பேஸ் ஒருமுறை துண்டுதுண்டாக உடைந்து, கைவினைஞர்களால் ஒட்டப்பட்டு, 1986இல் நியூயார்க்கில் களவுபோனது. பல ஆண்டுகளுக்குப் பின் வெளிப்பட்ட அது, மெட்டாலிகா குழுவின் ராபர்ட் ட்ருஹியோவின் உதவியோடு மீட்கப்பட்டது. ஜேமர்சனின் ஃபங்க் மெஷின் 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடப்பட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை.

சிறப்பு முழுவதும் மரத்தில் குடியிருந்திருந்தால் கருவியோடு ஒலியும் போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. லா பெல்லா, ஜேமர்சனின் பெயரிலேயே 0.052 முதல் 0.110 அங்குலம் வரையிலான தடித்த கம்பித் தொகுப்பை விற்கிறது. 1980களில் ஃபிரெட்லெஸ் ஸ்டிங்ரேயால் புகழ்பெற்ற பினோ பலடினோ, டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ (2000) இசைத்தட்டில் பிரிசிஷன் பேஸையும் தடித்த ஃபிளாட்வூண்ட் கம்பிகளையும் கொண்டு டெட்ராய்ட் மரபைப் புதிய தாளத்துக்குள் கொண்டுவந்தார். ஃபெண்டரோ, 1990களின் இறுதியில் பஸ்டோரியஸ், மில்லர் ஆகியோர் பெயரில் கருவிகளை வெளியிட்டது. தன் பொருளைக் கலைஞர் பிடுங்கியும் பூசியும் மாற்றிய வடிவத்தைத் தானே செய்து விற்றது.

முடிவுரை

பேஸ் கிட்டாரின் வரலாற்றைக் கண்டுபிடிப்பாளர்களின் வரிசையாக மட்டும் எழுதினால் பாதிக் கதை விடுபடும். ஃபெண்டரின் 34 அங்குல நீளமும் நான்கு கம்பி அமைப்பும் இன்றும் அளவுகோலாக நிற்பது அவருடைய வடிவமைப்பின் வலிமை. அந்த அளவுகோலுக்குள் கம்பி எது, அது எவ்வளவு பழையது, விரல் எங்கே விழுகிறது, எதை அடக்குவது, எதைக் கழற்றுவது என்ற முடிவுகளைக் கலைஞர்களே எடுத்தார்கள். அவற்றைத் தூண்டியவை பதிவுக்கூடத்தின் அளவு, டிரம்ஸ் இல்லாத மேடை, இடக்கைப் பழக்கம், கையிலிருந்த காசு போன்ற நடைமுறைக் காரணங்கள். ஆகவே ஒரு விருப்பக் கருவியை ஆராய்பவர் அதன் தயாரிப்பு எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், அது எந்த அறையில், யாரோடு, எந்தத் தேவைக்காக வாசிக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். புதிதாகப் பேஸ் வாங்குவோருக்கும் இதில் ஒரு பயன் உண்டு: பெரும்பணம் கொடுத்துப் பழைய ஆண்டைத் தேடுமுன், கையிலிருக்கும் கருவியின் கம்பியை மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்த சோதனை, ஒலியை அது மாற்றும் அளவு பலரை வியக்கவைக்கும்.