வெள்ளீயமும் வெள்ளியும்

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் போகிறவர்கள் தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முன்னால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சுவர் முழுக்கச் சண்டை. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் பக்கத்துப் புள்ளலூரில் மைசூரின் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையைச் சிதறடித்த கதை. வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது. பெய்லி பல்லக்கில் உட்கார்ந்திருக்கிறார். சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிப்பாய்கள், எல்லோருக்கும் அச்சில் வார்த்தது போல ஒரே முகம். பெயர் உள்ளவர்களுக்குத்தான் ஓவியர் தனி முகம் கொடுத்திருக்கிறார்.

அந்தத் தோல்விக்கு இருபதாம் நாள், செப்டம்பர் 30 அன்று, கும்பினி சென்னையில் இரண்டு கம்பெனி பயோனியர்களைத் திரட்டியது. பாதை வெட்ட, அகழி தூர்க்க, கோட்டைச் சுவருக்கு ஏணி சுமக்க ஆள் வேண்டும். துப்பாக்கிக்காரனுக்கு முன்னால் போய் மண்வெட்டி பிடிக்கிற வேலை. பிற்பாடு மெட்ராஸ் சேப்பர்ஸ் என்று பெயர் வாங்கிய படை இதுதான்.

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு மாண்டார். வெற்றிக்காகக் கும்பினி இங்கிலாந்தில் பதக்கம் அடித்து 1808இல் வழங்கியது. புலியைச் சிங்கம் கீழே வீழ்த்தும் படம். தளபதிக்குத் தங்கம், அதற்கடுத்தவருக்கு முலாம் பூசிய வெள்ளி, பிறகு வெள்ளி, பிறகு வெண்கலம். கடைசிப் படியில் நின்ற சாதாரணச் சிப்பாய்க்கு வெள்ளீயம். உலோகத்தைப் பார்த்தே அந்தஸ்தைச் சொல்லிவிடலாம்.

யாரை எதிர்த்துப் பிறந்ததோ அந்த மைசூர்ச் சீமையிலேயே சேப்பர்ஸ் படை பிறகு குடியேறியது. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரைதான் அதற்கு வீடு. முள்வேலியைத் தகர்க்க உலகப் படைகள் கையாண்ட ‘பெங்களூர் டார்பிடோ’ 1912இல் இவர்கள் பட்டறையில் உருவானது. இந்தப் படைக்காரருக்கு ராணுவத்தில் இன்றும் ‘தம்பி’ என்றுதான் செல்லப்பெயர்.

அப்படி ஒரு தம்பி சுப்பிரமணியன். காஞ்சிபுரம் பக்கம் கீழ்ஒட்டிவாக்கத்துக்காரர். புள்ளலூரும் அதே சீமைதான். கீழ்ப்படியில் சேர்ந்து சுபேதாராக உயர்ந்தவர். 1944 பிப்ரவரியில் அவர் இத்தாலியில் இருந்தார். மான்டே காசினோ மடத்தை நேச நாட்டு விமானங்கள் தரைமட்டமாக்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஜெர்மானியர் பின்வாங்கிய மண்ணெல்லாம் கண்ணிவெடி.

அதிலும் ‘எஸ்’ ரகக் கண்ணிவெடி பொல்லாதது. மிதித்த உடனே ஆளைக் கொல்லாது. முதலில் ஒரு சின்னச் சத்தம். சுமார் நான்கு விநாடி அமைதி. பிறகு மண்ணிலிருந்து இடுப்பு உயரத்துக்கு எழும்பி வெடித்து, முன்னூறுக்கு மேற்பட்ட இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் வீசும். அறியாதவனுக்கு அந்த நான்கு விநாடி ஒன்றுமே இல்லை. சேப்பருக்கு அது தொழில்.

பிப்ரவரி 24. காசினோவுக்குத் தென்கிழக்கே மின்யானோ அருகே கண்ணிவெடி நிலத்தில் ஒரு குழுவை நடத்திப் போனார் சுப்பிரமணியன். பின்னால் வந்த லான்ஸ் நாயக்கின் கால் ஒன்றை மிதித்தது. சத்தம் கேட்ட சுபேதாருக்கு அது என்னவென்று தெரியும், எவ்வளவு நேரம் இருக்கிறது என்றும் தெரியும். தரையில் விழுந்து தப்பவும் அந்த நேரம் போதும். அவர் அந்த வெடியின் மேலேயே விழுந்தார். இறக்கும்போது முப்பத்திரண்டு வயது இருக்கும். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள்.

ஜூன் 30 அன்று ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. எதிரியின் எதிரே காட்டிய வீரத்துக்கு விக்டோரியா கிராஸ், மற்றதற்கு ஜார்ஜ் கிராஸ் என்பது பிரிட்டிஷார் கணக்கு. வெடியைப் புதைத்துவிட்டுப் போனவன் எதிரி இல்லையா என்று எனக்குக் கேட்கத் தோன்றும். விதியை எழுதியவர்கள் அப்படி யோசிக்கவில்லை.

1945இல் டெல்லியில் வைசிராய் வேவல் அதை வழங்க, சுபேதாரின் மனைவி வந்து வாங்கிக்கொண்டார். வெள்ளியில் செய்த சிலுவை. பின்புறத்தில் பெறுபவர் பெயரைப் பொறிப்பார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்து வெள்ளீய வில்லையில் யார் பெயரும் கிடையாது, சிங்கமும் புலியும்தான்.

(தொடரும்)