பத்தில் ஒருவன்

ஆங்கில நாளேடுகளைப் படிப்போர் 'டெசிமேட்' என்னும் வினைச்சொல்லை அடிக்கடி கண்டிருப்பர். வெள்ளம் பயிர்களை டெசிமேட் செய்தது என எழுதுவர். நோய் கால்நடைகளை டெசிமேட் செய்தது என்பர். தேர்தலில் பெருந்தோல்வி கண்ட கட்சிக்கும் இச்சொல்லையே சூட்டுவர். தமிழில் நாம் இதனை 'நாசமாக்கியது' என்றோ 'பேரழிவுக்கு உள்ளாக்கியது' என்றோ பெயர்த்துக்கொள்கிறோம். இன்றைய வழக்குக்கு அது பொருத்தமே. ஆனால் இச்சொல்லின் கருவில் ஓர் எண் ஒளிந்திருக்கிறது; அந்த எண்ணுக்குப் பின்னே குருதி தோய்ந்த ஒரு வரலாறு இருக்கிறது.

இலத்தீனில் 'டெக்கெம்' என்றால் பத்து. வடமொழியின் 'தச' என்பதற்கு அது உடன்பிறந்த சொல். அதிலிருந்து பிறந்த 'டெசிமாரே' என்னும் வினைக்குப் பத்தில் ஒன்றைப் பிரித்தெடுத்தல் என்பது பொருள். உரோமைப் படையில் இதுவே ஒரு தண்டனையின் பெயராயிற்று.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் பொலிபியு இத்தண்டனையை விவரித்துள்ளார். போர்க்களத்தில் ஒரு பிரிவு முழுவதும் புறமுதுகிட்டு ஓடினால், அனைவரையும் கொன்றுவிடப் படைத்தலைமை விரும்புவதில்லை, வீரர்கள் வேண்டுமே! எனவே குற்றவாளிகளிலிருந்து ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினரைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பர். சீட்டு விழுந்தவர்களை இரக்கமின்றி அடித்துக் கொல்வர். எஞ்சியோருக்குக் கோதுமைக்குப் பதிலாக வாற்கோதுமை அளக்கப்படும். பாசறையின் அரணுக்கு வெளியே, பகைவர் தாக்கக்கூடிய திறந்த வெளியில், அவர்கள் கூடாரம் அடிக்க வேண்டும். அடித்துக் கொல்லும் தண்டனையை நிறைவேற்றுவோர் தனிக் கொலைஞர் அல்லர். தடியும் கல்லும் ஏந்தியவர்கள் அதே பாசறையின் வீரர்கள்.

கி.மு. 471இல் வோல்சியருக்கு எதிரான போரில் தோற்றோடிய தம் படைமீது அப்பியு கிளவுதியு இத்தண்டனையை விதித்தார் என லிவி எழுதுகிறார். பின்னர் நெடுங்காலம் வழக்கொழிந்திருந்த இதற்குக் கிராசு மீண்டும் உயிரூட்டினார். அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய ஸ்பார்த்தக்கசை எதிர்த்துச் சென்ற படைப்பிரிவு ஒன்று ஓடி வந்தபோது, முன்னே ஓடிய 500 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திலும் ஒருவரைச் சீட்டால் தெரிந்து கொல்லச் செய்தார் என்பது புளுட்டார்க் தரும் செய்தி. கி.மு. 71இல் கிளர்ச்சியை அடக்கிய பின், சிறைப்பட்ட 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து உரோமை வரையிலான பெருவழியில் சிலுவைகளில் அறைந்தவரும் இதே கிராசுதான்.

இத்தண்டனையின் கொடுமை, மாண்டோரின் தொகையில் மட்டும் அடங்கவில்லை. சீட்டு ஒருவனது வீரத்தையோ கோழைத்தனத்தையோ பார்ப்பதில்லை. இறுதிவரை நின்று போரிட்டவன்மீதும் அது விழலாம். முதலில் ஓடியவன் தப்பலாம். தப்பியவனோ நேற்றுவரை ஒரே கலத்தில் உண்ட தோழனை அடித்த கையோடு எஞ்சிய நாள்களைக் கழிக்க வேண்டும்.

இலத்தீன் சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. விளைச்சலில் பத்திலொரு பங்கைக் காணிக்கையாகவோ வரியாகவோ பெறுதலும் அதன் பொருள். ஆங்கிலத்திலும் இவ்விரு பொருள்களும் வழங்கின. 1655இல் கிராம்வெல் ஆட்சி, மன்னர் கட்சியைச் சார்ந்திருந்த நிலக்கிழாரின் வருவாயில் பத்திலொரு பங்கைத் தண்டியபோது அதனை 'டெசிமேஷன்' வரி என்றே அழைத்தனர். இறைவனுக்கு நன்றியோடு அளக்கும் பங்குக்கும், அச்சத்தை விதைக்கக் கொல்லும் பங்குக்கும் ஒரே சொல்!

காலப்போக்கில் எண் தேய்ந்தது. அழிவு மட்டும் எஞ்சியது. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட், பெருங்கொலை எதனையும் இச்சொல்லால் குறிப்பது தவறு எனக் கண்டித்தார். அன்று தொடங்கிய வழக்கு இன்றும் ஓயவில்லை. ஆயினும் சொற்கள் பொருள் பெயர்தல் இயல்பே. 'நிர்மூலம்' என்கையில் நாம் வேரை நினைப்பதில்லை. 'பூண்டோடு ஒழிந்தது' என்கையில் செடியை எண்ணுவதில்லை. தேர்தலில் 'மண்ணைக் கவ்விய' வேட்பாளரின் வாயில் மண் இருப்பதில்லை. எனவே உருவக வழக்கைக் குற்றமென்று தள்ள வேண்டுவதில்லை. நேர்ப்பொருள் நமக்கு நினைவூட்டிய ஒன்றை உருவகம் மறக்கச் செய்கிறது என்பதே கவலைக்குரியது. நேர்ப்பொருளில் இச்சொல்லுக்கு எழுவாய் உண்டு: ஆணையிட்டவர் யார், அடித்தவர் யார், வீழ்ந்தவர் எத்தனை பேர் என்பது தெரியும். உருவகத்தில் இவையாவும் புகைபோல் கலைந்துவிடுகின்றன.

திருச்சபையின் மரபில் இத்தண்டனையோடு பிணைந்த பெயர் ஒன்று உண்டு. செப்டம்பர் 22இல் நினைவுகூரப்படும் புனித மவுரிசியார் அவர். எகிப்தின் தெபாய் நாட்டிலிருந்து வந்த கிறித்தவப் படையணிக்கு அவர் தலைவர். கிறித்தவர்களைத் துன்புறுத்தும் பணியில் ஈடுபட மறுத்ததால், பேரரசர் மாக்சிமியான் அப்படையில் பத்தில் ஒருவரைக் கொல்லப் பணித்தார். எஞ்சியோரும் மறுத்தனர். மீண்டும் பத்தில் ஒருவர் வெட்டுண்டார். மீண்டும் மறுத்தனர். இறுதியில் படை முழுவதும் மாண்டது. லியோன் நகர் ஆயர் எயுக்கேரியு 5ஆம் நூற்றாண்டில் இதனை எழுதி வைத்தார். நிகழ்ந்த காலத்துக்கும் எழுதிய காலத்துக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டதாலும், ஒரு முழுப்படை மாண்டது என்பதை ஏற்பது அரிதாதலாலும், வரலாற்றறிஞர் பலர் இதன் விவரங்களை ஐயுறுகின்றனர். ஐயம் நியாயமானதே. எனினும், சுவிட்சர்லாந்தின் அகவுனத்தில் 515இல் மன்னர் சிகிஸ்மண்டு நிறுவிய மடம், அந்நினைவை இன்றளவும் காத்து வருகிறது.

இவ்வரலாற்றின் ஆழம் எங்கிருக்கிறது? கிராசின் படையில், ஒருவனது சாவு மற்ற ஒன்பதின்மரைப் பணிய வைத்தது. அகவுனத்திலோ, ஒருவரது சாவு மற்ற ஒன்பதின்மரை உறுதிப்படுத்தியது. எண்ணிக்கை ஒன்றே, கணக்கு வேறு. அச்சத்தின் கணக்கில் ஒன்பது பேர் தப்பினர். மனச்சான்றின் கணக்கில் எவரும் பிறரது உயிரை விலையாகக் கொடுத்துத் தப்ப முன்வரவில்லை.

இது பழங்கதை என எண்ணிவிடவும் இயலாது. முதல் உலகப் போரில் இத்தாலியப் படைத்தலைவர் கதோர்னா இம்முறைக்கு ஒப்புதல் அளித்தார். 1917 ஜூலையில் சாந்தா மரியா லா லோங்கா என்னும் சிற்றூரில், கலகம் செய்த கத்தன்சாரோ படைப்பிரிவினர் 28 பேர் சுடப்பட்டனர். அவர்களுள் 12 பேர் சீட்டால் தெரியப்பட்டவர்கள். இந்தியப் பள்ளிகளில் குழந்தைகள் தசமப் புள்ளியை எழுதப் பழகியிருந்த காலத்தில், ஐரோப்பாவில் பத்தின் கணக்கு இவ்வாறும் போடப்பட்டது.

எனவே, அடுத்த முறை ஓர் ஊரோ ஓர் இனமோ டெசிமேட் ஆனது எனப் படிக்கும்போது, அச்சொல்லுக்கு அதன் பழைய எண்ணைத் திருப்பிக் கொடுத்துப் பார்ப்போமாக. வரிசையாக நிற்கும் பத்துப் பேரை மனக்கண்முன் நிறுத்துவோமாக. அவர்களுள் வீழ்ந்தவன் யார், அடிக்கச் சொன்னவர் யார் எனக் கேட்போமாக. அடிக்கச் சொன்னபோது நாம் அந்த ஒன்பதின்மருள் ஒருவராய் நின்றோமா என்பதையும் கேட்டாக வேண்டும்.