எரிகோவுக்காக யாரும் பேசவில்லை

எரிகோவின் மதில் விழவில்லை. யோசுவாவின் காலம் என்று பொதுவாகச் சொல்லப்படும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே விழுவதற்கு மதிலே இல்லை. இது தெரிந்து எழுபது வருஷங்களாகின்றன. ஆனாலும் கதை நிற்கிறது. எனக்கு விஷயம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

முதலில் மண் சொல்வதைப் பார்த்துவிடலாம். 1930களில் எரிகோவைத் தோண்டிய ஜான் கார்ஸ்டாங், இடிந்து கிடந்த இரட்டை மதிலைக் கண்டு, யோசுவாவின் மதில் இதுதான் என்றார். 1952 முதல் 1958 வரை அதே மேட்டைத் தோண்டிய காத்லீன் கென்யன், அந்த மதில் அவர் சொன்ன காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் மூத்தது என்று காட்டினார். கடைசியாக அரண் கொண்டிருந்த நகரம் கி.மு. 1550 வாக்கில் அழிந்துபோயிருந்தது. அடுத்த ஊரான ஆயி இன்னும் மோசம். 1933லிருந்து 1935 வரை ஜூடித் மார்க்கே-க்ரௌஸ் தோண்டியதில், அது யோசுவாவுக்கு ஆயிரம் வருஷம் முன்பே பாழாகி, ஆளில்லாமல் கிடந்த இடம் என்று தெரிந்தது. ஆயி என்ற பெயருக்கே பாழ்மேடு என்றுதான் பொருள். வடக்கே ஹாத்சோர் மட்டும் 13ஆம் நூற்றாண்டில் எரிந்திருக்கிறது. எரித்தது யார் என்பதில் இன்னும் சண்டை. எகிப்திய மன்னன் மெர்னெப்தாவின் கல்வெட்டு, கி.மு. 1208 வாக்கில், இஸ்ரவேல் என்ற ஜனக்கூட்டம் கானானில் ஏற்கெனவே இருப்பதாகச் சொல்கிறது. மலைப்பகுதியில் புதிதாகத் தோன்றிய சிற்றூர்களின் மண்பாண்டங்களோ கானானியப் பாண்டங்களின் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. வென்றவர்களில் பெரும்பாலோர் வெல்லப்பட்டவர்களின் பிள்ளைகளாகவே இருந்திருக்க வேண்டும் என்பது இன்று பல ஆய்வாளர்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம்.

அப்படியானால் இந்தக் கதையை யார், எதற்காகச் சொன்னார்கள்? உபாகமம் முதல் ராஜாக்களின் புத்தகம் வரை ஒரே நீண்ட சரித்திரமாக, நாடிழந்த காலத்தில் தொகுக்கப்பட்டது என்று மார்டின் நோத் 1943இல் வாதித்தார். அதற்கு முந்தைய பதிப்பு ஒன்று, கி.மு. 622இல் ஆலயத்தில் நியாயப்பிரமாண புத்தகம் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் யோசியா ராஜாவின் காலத்தது என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எப்படியிருந்தாலும் எழுதியவர்கள் வென்றவர்கள் அல்லர். அசீரியப் படை வடக்கு ராஜ்யத்தை அழித்ததைப் பார்த்தவர்கள். அல்லது பாபிலோனியர் எருசலேமின் மதிலை இடித்ததைப் பார்த்தவர்கள். மதில் இழந்த ஜனம், அடுத்தவன் மதில் விழுந்த கதையைச் சொல்லிக்கொள்கிறது. நாம் ஏன் தோற்றோம் என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட பதில்: கீழ்ப்படியவில்லை.

இதைச் சொல்லி நண்பர்கள் சிலர் நிம்மதி அடைகிறார்கள். நடக்காத படுகொலைக்காக யாரும் வெட்கப்பட வேண்டாம், இது வெறும் இலக்கியம் என்கிறார்கள். எனக்கு அந்த நிம்மதி கிடைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறவன் நடந்ததற்குக் கட்டுப்பட்டவன். நடக்காததைச் சொல்கிறவன் தான் விரும்பியதைச் சொல்கிறான். ஊரில் மூச்சுள்ள எதுவும் மிஞ்சவில்லை என்று எழுத அவனை எந்தச் சம்பவமும் வற்புறுத்தவில்லை. கொலை கற்பனை. அந்தக் கொலையைச் செய்த கீழ்ப்படிதலுக்குக் கிடைத்த புகழோ நிஜம். எபிரெயருக்கு எழுதின நிருபம் மதில் விழுந்ததை விசுவாசத்தின் வரிசையில் சேர்க்கிறது. பிற்காலத்தில் கப்பலேறிப் புதிய நிலங்களுக்குப் போனவர்கள் இந்தப் புத்தகத்தைத் தங்கள் பட்டயமாக வாசித்தார்கள். 1986இல் எட்வர்ட் ஸெய்தும் 1989இல் அமெரிக்கப் பழங்குடியினரான ராபர்ட் வாரியரும் யாத்திராகமக் கதையைக் கானானியனின் கண்ணால் படித்துக் காட்டவேண்டி வந்தது இதனால்தான்.

நம் மொழிபெயர்ப்பில் 'சாபத்தீடு' என்ற சொல் வருகிறது. மூலத்தில் ஹேரெம். கடவுளுக்கென்று ஒதுக்கப்பட்டு, அதனாலேயே மனிதன் தொடக்கூடாததாகி, அழிக்கப்பட வேண்டியது என்று பொருள். தமிழில் சாபம் மட்டும் தெரிகிறது, காணிக்கை தெரிவதில்லை. மூலத்தின் பயங்கரமே அந்தக் காணிக்கையில்தான் இருக்கிறது. இஸ்ரவேலுக்கு மட்டும் உரிய சொல்லும் அல்ல இது. 1868இல் கிடைத்த மேசாவின் கல்லில், கி.மு. 9ஆம் நூற்றாண்டின் மோவாபிய ராஜா, தன் தேவன் கேமோஷ் போகச் சொன்னதாகவும், நேபோ என்ற ஊரைப் பிடித்து 7,000 பேரைக் கொன்று அந்த ஊரைக் காணிக்கையாக்கியதாகவும் பொறித்து வைத்திருக்கிறான். அதே சொல். அங்கே செத்தவர்கள் இஸ்ரவேலர். மேசாவும் கீழ்ப்படிந்தவன்தான்.

இனி கதைக்குள் போகலாம். ஆறு நாள் தினம் ஒரு தரம், ஏழாம் நாள் ஏழு தரம், ஊரைச் சுற்றி நடக்கிறார்கள். எக்காளம் ஊதுகிறவர்களைத் தவிர யாரும் வாய் திறக்கக்கூடாது. யுத்தத்தில் திறமைக்கு இடமில்லை, கீழ்ப்படிவுக்கு மட்டுமே இடம். ஆகான் ஒரு பாபிலோனியச் சால்வை, 200 சேக்கல் வெள்ளி, 50 சேக்கல் பொன்பாளம் ஆகியவற்றை எடுத்துக் கூடாரத்தில் புதைத்தான். அதனால் ஆயியில் 36 பேர் செத்தார்கள். அவனையும் அவன் குமாரர், குமாரத்திகளையும் ஆகோர் பள்ளத்தாக்கில் கல்லெறிந்தார்கள்.

நான் திரும்பத் திரும்பத் தேடியது ஒரு குரலை. சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்து வரை பேரம் பேசினான். கன்றுக்குட்டியைக் கும்பிட்ட ஜனத்துக்காக மோசே கடவுளை எதிர்த்து வாதாடினான். எதிர்த்துப் பேசுவது அந்த மரபில் விசுவாசத்தின் குறைவாகக் கருதப்படவில்லை. யோசுவாவும் ஒரு தரம் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கடவுளிடம் முறையிடுகிறான். அது ஆயியில் செத்த தன் 36 பேருக்காக. எரிகோவுக்காக யாரும் பேசவில்லை. மோரியா மலையில் கத்தி ஓங்கிய ஆபிரகாமை ஒரு சத்தம் தடுத்தது. கீர்க்ககார்ட் 1843இல் அந்தக் கத்தியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். எரிகோவில் தடுக்கும் சத்தமும் இல்லை, புதரில் ஆட்டுக்கடாவும் இல்லை.

ஆனால் பிழைத்தவர்கள் உண்டு. எப்படிப் பிழைத்தார்கள் என்று பார்த்தபோது இந்தப் புத்தகத்தைப் பற்றிய என் கோபம் திசை மாறியது. வேசியான ராகாபுக்கு வேவுகாரர் இருவர் ஆணையிட்டுக் கொடுத்தார்கள். அந்த ஜனங்களோடு உடன்படிக்கை கூடாது என்று உபாகமம் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. எரிகோவைப் பற்றிக் கர்த்தர் யோசுவாவிடம் சொல்லும் வார்த்தைகளில் அவள் பெயர் இல்லை. கிபியோனியர் பழஞ்செருப்பும் பூசணம் பூத்த அப்பமுமாகத் தூரதேசத்தார் போல வந்து ஏமாற்றி ஆணை வாங்கினார்கள். கர்த்தருடைய வாக்கைக் கேட்காமல் ஆணையிட்டார்கள் என்று கதையே குறை சொல்கிறது. கேட்டிருந்தால் கிபியோன் இன்னொரு எரிகோ. விறகு வெட்டுகிறவர்களாக, தண்ணீர் சுமக்கிறவர்களாக ஒரு ஊர் உயிரோடு இருந்தது, கேட்க மறந்ததால். இந்தப் புத்தகத்தில் கருணை கட்டளை வழியாக வரவில்லை. மனிதன் மனிதனுக்குக் கொடுத்த வாக்கு வழியாக வருகிறது.

இதை மரபு மறைக்கவும் இல்லை. சவுல், அமலேக்கியரின் ராஜா ஆகாகைத் தப்பவிட்டதற்காக ராஜ்யத்தை இழந்தான். அதே சவுல் கிபியோனியரைக் கொன்றதற்காக, அவன் செத்த பிறகு தேசத்தில் மூன்று வருஷம் பஞ்சம். ஒரு இடத்தில் கொல்லாதது குற்றம், இன்னொரு இடத்தில் கொன்றது குற்றம். இந்த முரணைச் சரிசெய்யாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன தொகுப்பாளனை நான் மதிக்கிறேன். கீழ்ப்படிதல் என்பது அவனுக்கும் முடிந்துபோன விஷயமாக இருந்திருக்காது.

எரிகோவுக்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் காட்சி. உருவின பட்டயத்தோடு நிற்கும் ஒருவனிடம் யோசுவா கேட்கிறான்: நீ எங்கள் பக்கமா, எங்கள் சத்துருக்களின் பக்கமா? அவன் சொல்லும் பதில்: அல்ல. நான் கர்த்தருடைய சேனையின் அதிபதி. பக்கத்தைப் பற்றி அதற்குமேல் யோசுவா கேட்கவில்லை. விழுந்து வணங்குகிறான், பாதரட்சையைக் கழற்றுகிறான். கேட்டிருக்க வேண்டிய இடம் அது என்று எனக்குப் படுகிறது. இரண்டு பக்கமும் இல்லாத கடவுள் ஏன் ஒரு பக்கத்தின் குழந்தைகளைக் கேட்கிறார்?

ஆபிரகாம் கேட்டிருப்பான். பல நூற்றாண்டு கழித்து, ஓசியாவின் புத்தகம் ஆகான் குடும்பத்தைக் கல்லெறிந்த அதே ஆகோர் பள்ளத்தாக்கை நம்பிக்கையின் வாசலாக மாற்றித் தருவதாகச் சொல்கிறது. எந்த விளக்கமும் இல்லை. அந்தக் கற்குவியலைக் கடந்துதான் அந்த வாசலுக்குப் போக வேண்டும்.