ஜீப்பில் போகிறவளுக்கு எந்த மொழியில் பாடம்?

விடியுமுன் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்புகள் போடிமெட்டுக்கு ஏறுகின்றன. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் காய் எடுக்கப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். பொழுது சாயத் திரும்புவார்கள். தினமும் மாநில எல்லையைத் தாண்டும் இவர்களைப் புலம்பெயர்ந்தோர் என்று யாரும் சொல்வதில்லை. உள்ளூர்க்காரர்கள் என்றும் சொல்வதில்லை.

திருவிதாங்கூரின் கீழிருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகம் கேட்டது. 1956 நவம்பர் 1 அன்று அவை கேரளத்தோடு நின்றன. தலைவர்களின் பெயர்களால் நிறைந்த வரலாறு அது. காய் எடுப்பவளுக்கு அதன் பொருள் எளிது: அவள் ரேஷன் கார்டு தமிழில், அவள் உழைக்கும் ஊரின் அலுவலகப் படிவம் மலையாளத்தில்.

இரண்டு மாநிலங்களும் ஏறக்குறைய ஒரே காலத்தில்தான் பெரியவர்களுக்கு எழுத்தறிவிக்கக் கிளம்பின. 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக, முதுவயதில் எழுதப் படித்த சேலக்கோடன் ஆயிஷா அறிவித்தார். அதே ஆண்டுகளில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களை எழுத்தோடு சைக்கிளிலும் ஏற்றியது. பெரிய காரியங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டுமே வீடு வீடாகக் கணக்கெடுத்து, மாலையில் வகுப்பு வைத்தன. மாலையில் இவள் மலைப்பாதையில் இருக்கிறாள். வீடு சேர்ந்தால் தண்ணீர், அடுப்பு, பிள்ளைகள்.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளியின் 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி பற்றிப் பேசியது. தாயின் படிப்பைப் பற்றிப் பேசவில்லை.

2017இல் கேரள எழுத்தறிவு இயக்கம் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்காகச் 'சங்ஙாதி' திட்டத்தைப் பெரும்பாவூரில் தொடங்கியது. பாடநூல் 'ஹமாரி மலையாளம்', இந்தி வழியாகக் கற்பிப்பது. வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு அது பொருத்தம். போடிப் பெண்ணுக்கு இந்தி தெரியாது. மலையாளம் பேசவோ ஓரளவு தெரியும். தெரியாதது எழுத்து. தமிழகத்தில் வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்தத்தின் வழிவந்ததே அந்த எழுத்து என்பதைத் தமிழ் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அவளிடம் யாரும் கொண்டுபோகவில்லை.

அவளுக்கு வேண்டியது தமிழ் வழியே மலையாள எழுத்து. காயின் எடை எழுதிய நோட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பூச்சிமருந்து டப்பாவில் உள்ள எச்சரிக்கை ஆகியவையே பாடமாகட்டும். தமிழும் எழுதத் தெரியாதவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லித்தரலாம். வகுப்பு அவள் தூக்கத்தைத் தின்னக் கூடாது. தோட்டத்திலேயே, மதியச் சாப்பாட்டுக்குப் பின், கூலி பிடிக்காத அரைமணி நேரமாக இருக்க வேண்டும். அந்த அரைமணிக்கு யார் பணம் தருவது என்பதைக் கேரளம், தமிழ்நாடு, தோட்ட முதலாளி மூவரும் உட்கார்ந்து பேசட்டும். இத்தனை காலம் அதற்கான விலையைக் கொடுத்தவள் அவள் ஒருத்திதான்.