பாட்டிலை மூடிய பிறகு...

திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் நான் தங்கியிருந்த காலத்தில், பக்கத்து அறையில் இரண்டு நண்பர்கள். இருவருமே தினசரி குடிப்பவர்கள். ஒரு தை முதல் தேதி, சேர்ந்தே நிறுத்தினார்கள். ஒருத்தர் ரெண்டு நாள் கை நடுக்கத்தோடு தப்பித்துக்கொண்டார். இன்னொருத்தருக்கு மறுநாளே வலிப்பு. மூன்றாம் நாள், சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று அலறினார். வெள்ளைச் சுவர்... ஓர் எறும்புகூடக் கிடையாது! 'மன உறுதி பத்தலைப்பா' என்று நாங்கள் தீர்ப்பு எழுதினோம். அது எவ்வளவு தப்பான தீர்ப்பு என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

வழக்கு என்னவோ ரொம்பப் பழசு. 1813-ல் தாமஸ் சட்டன் என்கிற ஆங்கிலேய டாக்டர் இதற்கு 'டெலிரியம் ட்ரெமென்ஸ்' என்று பெயர் வைத்தார். நடுக்கத்தோடு கூடிய பிதற்றல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதற்கு முன்பு, இதை மூளைக் காய்ச்சல் என்று நினைத்து, நோயாளியின் ரத்தத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள்! அதைவிட, அபின் கொடுத்துத் தூங்கவைத்தால் ஆள் பிழைக்கிறான் என்று கண்டுகொண்டவர் சட்டன்.

ஆனால், இது குடிப்பதால் வருகிறதா, குடியை நிறுத்துவதால் வருகிறதா? இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் கிடைக்க, கிட்டத்தட்ட 140 வருஷம் பிடித்தது.

1955. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலம், லெக்சிங்டன். போதை அடிமைகளுக்கான அரசு ஆஸ்பத்திரியில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற டாக்டர், முன்பு மார்ஃபின் பழக்கம் இருந்த பத்துப் பேருக்கு நல்ல சாப்பாடு, வைட்டமின்... கூடவே தினமும் ஆல்கஹால் கொடுத்தார். அதில் ஆறு பேர் 48 முதல் 87 நாட்கள் வரை குடித்தார்கள். பிறகு, திடீரென்று நிறுத்தம். அவ்வளவுதான்... நடுக்கம், வியர்வை, வாந்தி. சிலருக்கு வலிப்பு. சிலருக்கு இல்லாதது எல்லாம் கண்ணில் தெரிந்தது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத சோதனை இது. படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஆனால், விடை கிடைத்துவிட்டது. குற்றவாளி சத்துக் குறைவு அல்ல, நிறுத்தம்தான்!

நான் படித்தது பி.காம். ஆகவே கணக்கு பாஷையிலேயே சொல்லிவிடுகிறேன். மூளையில் 'காபா' அமைதிப்படுத்தும் ரசாயனம். 'குளுட்டமேட்' கிளப்பிவிடும் ரசாயனம். ஆல்கஹால் தினமும் அமைதிப் பக்கத்தில் வரவு வைக்கிறது. கணக்கு டேலி ஆக வேண்டுமே? மூளை மறுபக்கத்தில் பரபரப்பை ஏற்றி எழுதிக்கொண்டே போகிறது. ஒருநாள் ஆல்கஹால் வரவு நின்றால், பரபரப்பு மட்டும் அப்படியே மிச்சம்!

சரி, லெக்சிங்டனில் எல்லோருக்கும் ஏன் வலிப்பு வரவில்லை? மேன்ஷனில் ஏன் ஒருத்தருக்கு மட்டும்? எவ்வளவு, எத்தனை வருஷம் குடித்தார் என்பது ஒரு காரணம். ஏற்கெனவே பலமுறை நிறுத்தி, மறுபடி ஆரம்பித்தவருக்கு அடுத்த தடவை இன்னும் கடுமையாகலாம் என்று 1978-ல் ஒரு கருத்து வந்தது. ஆனால், இன்னொன்றும் உண்டு... ரத்தத்தில் வருவது!

டோரா கோல்ட்ஸ்டைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1973-ல் அதைச் சுண்டெலிகளிடம் காட்டினார். குடி நின்றதும் அதிகம் துடித்த எலிகளைத் தங்களுக்குள்ளேயே இணைசேர்த்தார். லேசாகத் தப்பித்தவற்றைத் தனியாக. சில தலைமுறைகளிலேயே வித்தியாசம் தெரிந்தது. எலிக்கு ஏது மன உறுதி!

மனிதர்களில் எந்த ஜீன்? 2018-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் டென்மார்க் விஞ்ஞானிகளும் சேர்ந்து 'சோர்க்ஸ்-2' என்ற ஜீனைச் சுட்டிக்காட்டினார்கள். மன அழுத்தம் வந்தால் சுரக்கும் ஹார்மோன்களோடு அதற்குச் சம்பந்தம் இருக்கிறது என்றார்கள். சூழ்நிலை மாறும்போது மூளை ஈடுகொடுக்க வேண்டுமே, அந்த வேலையில் இதற்கும் பங்கு. குடி நிற்பதைவிட மூளைக்குப் பெரிய சூழ்நிலை மாற்றம் உண்டா, என்ன? ஐரோப்பிய வம்சாவளியினரில் சுமார் பத்தில் ஒருவரிடம் அந்த மாறுபட்ட வடிவம் இருக்கிறதாம். அதே ஆய்வில், கறுப்பின அமெரிக்கர்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆகவே, ரத்தம் கொடுத்து 'எனக்கு எப்படி டாக்டர்?' என்று கேட்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

மருத்துவர்கள் இன்றும் வாயால்தான் கேட்கிறார்கள்: 'கடைசியா எப்பக் குடிச்சீங்க? போன தடவை நிறுத்தினப்ப வலிப்பு வந்துச்சா?' ஆமாம் என்றால், வீட்டுக்கு அனுப்புவதில்லை. படுக்கவைத்து, மருந்து கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். அந்த மேன்ஷன் நண்பரிடம் இந்த ரெண்டு கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை.