நானோ

தமிழில் எழுதிப் பார்த்தால், யாரோ ‘நானோ?’ என்று தன்னையே சந்தேகிப்பதுபோல் இருக்கும். மூலம் கிரேக்கம்: ‘நானோஸ்’ என்றால் குள்ளன்.

1960இல் சர்வதேச அலகு முறை இச்சொல்லை நூறு கோடியில் ஒரு பங்குக்கு முன்னொட்டாக்கியது. ‘நானோ தொழில்நுட்பம்’ என்ற தொடரை 1974இல் தந்தவர் ஜப்பானின் நோரியோ தானிகுச்சி.

குள்ளனின் வித்தை நிறத்தில் தெரிகிறது. காட்மியம் செலினைடு துகள் சில நானோமீட்டர்தான். ஒளியூட்டினால், பெரியது சிவப்பாகவும் சிறியது நீலமாகவும் ஒளிர்கிறது. பொருள் ஒன்றே, அளவுதான் வேறு! ‘குவாண்டம் புள்ளிகள்’ எனப்படும் இத்தகைய துகள்களுக்காக பாவெண்டி, புரூஸ், எகிமோவ் மூவரும் 2023இல் வேதியியல் நோபல் பெற்றனர். இன்று அவை தொலைக்காட்சித் திரைகளில் உள்ளன.

தமிழில் ‘மைக்ரோ’வுக்கு ‘நுண்’ போய்விட்டதால், நானோவுக்கு ‘மீநுண்’ என்றார்கள். அழகான சொல், பேச்சில் மட்டும் ஏறவில்லை.