மாவோரி திருமணம்

நியூசிலாந்தின் பழங்குடியினரான மாவோரிகளிடம் ஐரோப்பியர் வருகைக்கு முன் சாமானியருக்கென்று பெரிய மணச் சடங்கு எதுவும் இருக்கவில்லை. இரு வீட்டாரும் சம்மதித்து, ஆணும் பெண்ணும் ஊரறியச் சேர்ந்து வாழத் தொடங்கினால் அதுவே கல்யாணம். சடங்கு இல்லையென்பதால் கட்டுப்பாடும் இல்லையென்று நினைப்பது தவறு. உறவினர் சம்மதத்தை மீறி ஒரு பெண்ணை அழைத்துச் சென்றால், அவளுடைய சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து அழைத்துச் சென்றவன் வீட்டின் உடைமைகளை நஷ்டஈடாக அள்ளிச் செல்லும் ‘முரு’ வழக்கம் இருந்தது.

தலைவர் குடும்பங்களில் நிலைமை வேறு. அங்கே சிறுவயதிலேயே நிச்சயம் செய்துவைப்பதுண்டு. மணமகன் வீட்டார் திரண்டு சென்று பெண் கேட்பது ‘டோமோ’. பெண்ணை முறைப்படி ஒப்படைப்பது ‘பாக்கூஹா’. அப்போது பெரியவர்கள் ‘ஃபகபாப்பா’ என்னும் வம்சாவளியை மனப்பாடமாகச் சொல்லி, இரு தரப்பும் எந்த மூதாதையரிடம் இணைகின்றன என்று சபையில் நிறுவுவார்கள். பிறகு விருந்து. பகை தீர்க்கவும் இத்தகைய மணங்கள் நடந்தன.

மணத்தால் குலம் உருவானதற்கு டூரோங்கோ, மாஹினாராங்கி கதையே சிறந்த சான்று. மேற்குக்கரை டைனுயி குல மரபினரான டூரோங்கோ, தான் விரும்பிய பெண்ணைச் சகோதரனிடம் இழந்தபின், கிழக்குக்கரை சென்று தலைவர் மகளான மாஹினாராங்கியை மணந்தார். நிறைமாதக் கர்ப்பிணியாகத் தீவைக் குறுக்கே கடந்து கணவன் ஊருக்கு நடந்த அவர், வழியில் வெந்நீர் ஊற்றருகே ஆண் குழந்தையைப் பெற்றார். தாம் பூசும் ராவுகாவா இலை நறுமணத்தின் பெயரையே அவனுக்கு வைத்தார். ங்காட்டி ராவுகாவா குலம் அவன் வழிவந்தது. 1929இல் ஙாருவாவாஹியாவில் திறக்கப்பட்ட மண்டபம் மாஹினாராங்கியின் பெயரைத் தாங்குகிறது.

நியூசிலாந்தின் 1951ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மறு ஆண்டு ஏப்ரல் 1க்குப் பின் நடக்கும் வழக்காற்று மணங்களுக்கு இருந்த அங்கீகாரத்தை நீக்கியது. முறைகள் மட்டும் மறையவில்லை. இன்றும் குலத்தின் பொதுவிடமான மராயில் மணவிழா நடந்தால், பெண்களின் ‘கரங்கா’ அழைப்பு விருந்தினரை உள்ளே வரவேற்கும். நெற்றியும் மூக்கும் தொட்டு ‘ஹொங்கி’ செய்வார்கள். ஹரகேகே இலையைச் சிப்பி ஓட்டால் சுரண்டி எடுத்த நாரில் கையால் நெய்த ‘கொரோவாய்’ மேலாடையை மணமக்களுக்குப் போர்த்துவதுண்டு. பல குடும்பங்களில் அது தலைமுறைகளாகப் பாதுகாக்கப்படும் சொத்து. உணவு, மண்குழியில் சுட்ட கற்களின் சூட்டில் வேகும் ‘ஹாங்கி’.

2013 ஏப்ரல் 17 அன்று ஒருபாலினத் திருமணச் சட்டம் நிறைவேறியபோது, நாடாளுமன்றப் பார்வையாளர் மாடத்தில் இருந்தவர்கள் பாடியது ‘பொக்கரேகரே அனா’ என்ற மாவோரிக் காதல் பாட்டு.